ஏழு சாட்சிகளும் ஒற்றை வரியும்

ஒரு வழக்கில் ஏழு சாட்சிகள். க, ச, த, ந, ப, ம, வ என்று அவர்களை அழைப்போம். இவர்களில் யாரைக் கூண்டில் ஏற்றுவது, யாரை விட்டுவிடுவது என்று வழக்கறிஞர் முடிவு செய்ய வேண்டும். ஐந்து கட்டுப்பாடுகள் இருக்கின்றன. க வந்தால் ச வரக் கூடாது. த வராவிட்டால் ப வந்தாக வேண்டும். ந வந்தால் ச-வும் வர வேண்டும். ப வந்தால் க-வும் வர வேண்டும். ந வந்தாலொழிய ம வர மாட்டார். வ-வைப் பற்றி எந்த விதியும் இல்லை. இப்போது கேள்விகள்: ம வந்தால் வேறு யாரெல்லாம் கட்டாயம் வருவார்கள்? த வராவிட்டால் யாரெல்லாம் வர முடியாது? அதிகபட்சம் எத்தனை பேரை அழைக்கலாம்? விதிகளை இரண்டாம் முறை படிக்காமல் இவற்றுக்கு விடை சொல்லப் பார்ப்பவர்களுக்கு, ஐந்தே ஐந்து எளிய வாக்கியங்கள் சேர்ந்தால் எவ்வளவு தொல்லை தரும் என்பது உடனே விளங்கிவிடும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் சட்டக் கல்லூரியில் சேர விரும்புகிறவர்கள் எழுதும் எல்சாட் தேர்வில் இந்த வகைப் புதிர்களுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. தேர்வு 1948 முதல் நடந்துவருகிறது; புதிர்ப் பகுதி 2024 ஜூன் தேர்வோடு விடைபெற்றது. 35 நிமிடம், 4 புதிர்கள், 22 முதல் 24 கேள்விகள். ஒரு புதிருக்கு 9 நிமிடம்கூடக் கிடைக்காது. ஆட்களை வரிசையில் நிறுத்தச் சொல்பவை ஒரு வகை, குழுக்களாகப் பிரிக்கச் சொல்பவை இன்னொரு வகை, இரண்டையும் கலந்தவை மூன்றாவது. நம் ஊரில் வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இதன் ஒன்றுவிட்ட உறவுகள் நன்கு பழக்கம்: வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேர் உட்காரும் அந்தக் கணக்குகள்தான். எல்லாப் பயிற்சியாளர்களும் ஒரே குரலில் சொல்வது, படம் போடு. ஏன் போட வேண்டும் என்பதற்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம், கண் முன்னால் காட்சி இருந்தால் மனம் எளிதில் பிடித்துக்கொள்ளும் என்பது. வரிசைப் புதிருக்கு இது ஓரளவு பொருந்தும்; காகிதத்தில் இடமிருந்து வலமாகப் போடும் ஏழு கட்டங்கள் உண்மையான வரிசையைப் போலவே இருக்கின்றன. குழுப் புதிருக்கு இந்த விளக்கம் உதவாது. ‘க வந்தால் ச வரக் கூடாது’ என்பது எந்தக் காட்சியைப் போல இருக்கிறது? அதற்கு இடம் இல்லை, வடிவம் இல்லை, பக்கம் இல்லை. ஆனாலும் படம் போட்டால் புதிர் அவிழ்கிறது. அப்படியானால் படத்தின் பலம் அது எதையோ ஒத்திருப்பதில் இல்லை, வேறு எங்கோ இருக்கிறது.

முதலில் படம் இல்லாமல் என்ன ஆகிறது என்று பார்ப்போம். ஏழு பேரில் ஒவ்வொருவரும் வரலாம் அல்லது வராமல் இருக்கலாம் என்பதால் மொத்தம் 128 சாத்தியங்கள். ஒவ்வொன்றையும் ஐந்து விதிகளோடு ஒப்பிட்டால் விடை நிச்சயம், நேரம்தான் கிடையாது. மனக்கணக்காகச் செய்யலாம் என்றால் அங்கே வேறு தடை. உடனடி நினைவில் ஏறத்தாழ ஏழு பொருள்களை வைத்திருக்க முடியும் என்று ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதியது புகழ்பெற்றது. நெல்சன் கோவன் 2001-ல் அந்தச் சான்றுகளை மறுபடி அலசி, உண்மையான அளவு நான்குக்கு அருகில்தான் என்று குறைத்தார். நம் புதிரில் விதிகளே ஐந்து. அவற்றை நினைவில் நிறுத்தவே இடம் போதாதபோது, ஒன்றோடொன்றைக் கோத்துப் பார்க்க எங்கே இடம்?

இனி காகிதத்துக்கு வருவோம். ‘வரவில்லை’ என்பதற்கு எழுத்தின் முன் ~ என்ற குறியைப் போடுவோம். ‘இது நடந்தால் அது நடக்கும்’ என்பதற்கு அம்புக்குறி. முதல் விதி க → ~ச. ஒவ்வொரு விதிக்கும் ஒரு மறுபக்கம் உண்டு: அம்பின் தலையில் இருப்பது நடக்கவில்லை என்றால் வாலில் இருப்பதும் நடந்திருக்க முடியாது. ஆகவே ச → ~க என்றும் எழுதிக்கொள்ளலாம். இது புதிய விதி கிடையாது, அதே விதியைத் திருப்பிப் பிடித்துப் படித்தது. இப்படி ஐந்தையும் எழுதிவிட்டு, ஒன்றின் தலை இன்னொன்றின் வாலாக வரும் இடங்களை ஒட்டினால் இந்த வரி கிடைக்கிறது:

ம → ந → ச → ~க → ~ப → த

ஐந்து விதிகளும் இந்த ஒற்றை வரிக்குள் அடங்கிவிட்டன. ம வந்தால் ந, ச, த மூவரும் வருவார்கள். க-வும் ப-வும் வர முடியாது. இதையே வலமிருந்து திருப்பினால், த வராவிட்டால் ப வருவார், க வருவார், ச, ந, ம மூவரும் வர முடியாது. அதிகபட்சம் எத்தனை பேர் என்பதற்கும் இங்கேயே விடை: ம-வில் தொடங்கினால் ம, ந, ச, த என நால்வர், விதிக்குக் கட்டுப்படாத வ-வையும் சேர்த்தால் ஐவர். ஐந்து பேரை அழைக்க வேறு வழியே இல்லை. இன்னும் ஒரு படி போகலாம். வரியில் எங்காவது ஒரு வெட்டுக்கோடு போடுங்கள். கோட்டுக்கு வலப்புறம் உள்ளவை எல்லாம் உண்மை, இடப்புறம் உள்ளவை எல்லாம் பொய் என்று கொள்ளுங்கள். அம்புகள் மதிக்கப்பட்டாக வேண்டும் என்பதால் இதைத் தவிர வேறு விதமாக இந்த வரியை நிரப்ப முடியாது. ஆறு உறுப்புகள் கொண்ட வரியில் கோடு போட ஏழு இடங்கள். வ வரலாம், வராமலும் இருக்கலாம் என்பதால் இரட்டிப்பாக்கினால் 14. புதிரின் 128 சாத்தியங்களில் தப்பிப் பிழைப்பவை இந்த 14 மட்டுமே. அவற்றில் மிகச் சிக்கனமானது த ஒருவர் மட்டும் வந்து போவது. விதிகளைப் படித்த எவருக்கும் முதலில் தோன்றாத விடை அது.

இதைச் செய்யும்போது சிந்தனையின் எந்தப் பகுதி காகிதத்துக்கு இடம் மாறியது? ஜில் லார்க்கினும் ஹெர்பர்ட் சைமனும் 1987-ல் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு நல்ல விடை தருகிறது. படம் பத்தாயிரம் சொற்களுக்குச் சமம் ‘சில வேளைகளில்’ என்று தலைப்பிலேயே அடைப்புக்குறிக்குள் ஒரு தயக்கத்தை வைத்தவர்கள் அவர்கள். அந்தத் தயக்கத்துக்காகவே அவர்களை நம்பலாம். இரண்டு குறிப்புகளில் ஒரே தகவல் இருக்கலாம், ஆனால் அதைப் பயன்படுத்த ஆகும் உழைப்பு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதம். வாக்கியப் பட்டியலில் ச-வைப் பற்றிய செய்தி முதல் விதியிலும் மூன்றாம் விதியிலும் சிதறிக் கிடக்கிறது. தேடி எடுத்து, சேர்த்து, அதற்குள் முதலாவதை மறக்காமல் இருக்க வேண்டும். நல்ல படத்தில், சேர்ந்து பயன்படப் போகிற செய்திகள் அருகருகே இருக்கின்றன. ச-வைக் கண் தொட்டவுடன் அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை தாமாகவே தென்படுகின்றன. தேடும் வேலையைத்தான் காகிதம் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் இடமும் வடிவமும் இல்லாத குழுப் புதிருக்கும் படம் உதவுகிறது.

தேடலை விடவும் பெரிய உதவி, விதியைத் திருப்பிப் பிடிக்கும் அந்தச் செயலில் இருக்கிறது. மனித மனம் தானாக அதைச் செய்வதில்லை என்பதற்கு உளவியலில் பழைய சான்று உண்டு. பீட்டர் வேசன் 1966-ல் வெளியிட்ட சோதனையில் நான்கு அட்டைகள். ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும் என்பது விதி. விதி உண்மைதானா என்று சோதிக்க எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? உயிரெழுத்து அட்டையைத் திருப்ப வேண்டும் என்று ஏறக்குறைய எல்லோரும் சொல்கிறார்கள். ஒற்றைப்படை எண் அட்டையையும் திருப்ப வேண்டும் என்று கண்டு சரியாக முடிப்பவர்கள் பத்தில் ஒருவர்கூடத் தேறுவதில்லை. அம்பைத் தலையிலிருந்து வாலுக்குப் படிக்க நமக்குப் பழக்கமில்லை. குழுப் புதிருக்குப் படம் போடுகிறவர் ஒவ்வொரு விதியையும் எழுதும்போதே அதன் மறுபக்கத்தையும் எழுத வேண்டும் என்ற ஒழுங்கு, மனம் செய்ய மறுக்கும் இந்த ஒரு வேலையைக் கைப்பழக்கமாக மாற்றிவிடுகிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். 1982-ல் ரிச்சர்ட் கிரிக்ஸும் ஜேம்ஸ் காக்ஸும் அதே சோதனையை ‘பீர் குடிப்பவர் 19 வயதைத் தாண்டியிருக்க வேண்டும்’ என்ற பழகிய விதியாக மாற்றியபோது, பங்கேற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் சரியாகச் சொன்னார்கள். அப்படியென்றால் மனிதர்களுக்குத் தர்க்கம் தெரியும், செயற்கையான புதிர்தான் அவர்களைத் தடுமாற வைக்கிறது, அந்தச் செயற்கைத்தனத்துக்கு மருந்தாகத்தான் படம் தேவைப்படுகிறது என்று சொல்லலாம். பாதி உண்மை. பழகிய விதிகளில் நமக்கு அம்புக்குறி வேண்டாம். மீறுபவரைக் கண்டுபிடிக்கும் உள்ளுணர்வே போதும். ஆனால் சட்டம் என்பது பெரும்பாலும் பழகாத விதிகளின் தொகுப்பு. வருமான வரிச் சட்டத்தின் ஒரு துணைப்பிரிவுக்கு நம் உள்ளுணர்வில் எந்தப் பிடிமானமும் கிடையாது. லேமன் ஆலன் 1957-ல் யேல் சட்ட இதழில் எழுதிய கட்டுரையில், சட்ட வாசகங்களைக் குறியீட்டுத் தர்க்கமாகப் பிரித்து எழுதினால் அவற்றில் ஒளிந்திருக்கும் இரட்டை அர்த்தங்கள் வெளியே வரும் என்று காட்டினார். 1986-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தின் பெரும்பகுதியை ‘இது உண்மையானால் அது உண்மை’ என்ற விதிகளாக மாற்றிக் கணினியில் ஏற்றினார்கள். குழுப் புதிரின் ‘வந்தாலொழிய’ எந்தச் சட்டப் புத்தகத்தைத் திறந்தாலும் கிடைக்கும்.

படத்துக்கு எதிரான இன்னொரு மறுப்பு கனமானது: படம் ஏமாற்றும். 1768-ல் வெளியான தம் கடிதங்களில் லியோன்ஹார்ட் ஆய்லர் வட்டங்களால் தர்க்கம் விளக்கினார். ‘எல்லாக் காகமும் பறவை’ என்பதற்குப் பெரிய வட்டத்துக்குள் சின்ன வட்டம். ஆனால் அப்படி வரைந்த மாத்திரத்தில், காகம் அல்லாத பறவைகளும் இருக்கின்றன என்ற கூடுதல் செய்தியைப் படம் சொல்லிவிடுகிறது. வாக்கியம் அதைச் சொல்லவே இல்லை. ஜான் வென் 1880-ல் வட்டங்களை முன்கூட்டியே எல்லா விதமாகவும் குறுக்கே ஓடவிட்டு, இல்லாத பகுதியை நிழலிட்டுக் காட்டியது இந்தக் கோளாறைச் சரிசெய்யத்தான். கீத் ஸ்டென்னிங்கும் ஜான் ஓபர்லாண்டரும் 1995-ல் இதை ஒரு பொதுக் கொள்கையாகவே வைத்தார்கள். படங்கள் குறிப்பாகப் பேசும்படி கட்டாயப்படுத்தப்பட்டவை, ‘இதுவோ அதுவோ’ என்று தயங்கி நிற்க அவற்றால் இயலாது, கையாள எளிதாக இருப்பதற்கும் வழி தவறச் செய்வதற்கும் அந்த ஒரே குணமே காரணம் என்பது அவர்கள் கருத்து.

குழுப் புதிரில் இந்த ஆபத்து தினசரி நடப்பது. ‘வருவோர்’, ‘வராதோர்’ என்று இரண்டு பத்திகள் போட்டு, க-வை ஒன்றிலும் ச-வை மற்றதிலும் எழுதிவிடும் மாணவர், விதி சொல்லாததைச் சொல்லிவிட்டார். க-வும் ச-வும் சேர்ந்து வரக் கூடாது என்பதுதான் விதி. இருவருமே வராமல் போகலாம். த வராவிட்டால் ப வர வேண்டும் என்ற விதி இதற்கு நேர் எதிர்: இருவரும் வராமல் இருக்கக் கூடாது, இருவருமே வருவதில் தடையில்லை. முதலாவது ‘இருவரும் உள்ளே’ என்பதைத் தடுக்கிறது, இரண்டாவது ‘இருவரும் வெளியே’ என்பதைத் தடுக்கிறது. இரண்டு பத்திப் படத்தில் இந்த வேறுபாடு காணாமல் போகிறது, இரண்டு விதிகளும் ஒரே மாதிரி தெரிகின்றன. அம்பு வரியில் அது தங்குகிறது, ஏனென்றால் க → ~ச என்று எழுதும்போது க வராவிட்டால் என்ன ஆகும் என்பது பற்றி அம்பு வாயே திறப்பதில்லை. ஆகவே இந்த மறுப்பு படத்தைக் கைவிடச் சொல்லவில்லை. விதியை விட அதிகம் பேசாத படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. எடின்பரோவில் ரிச்சர்ட் காக்ஸ், ஸ்டென்னிங் முதலியோர், இதே மாதிரியான புதிர்களைத் தீர்த்த மாணவர்களின் கிறுக்கல் தாள்களைச் சேகரித்து ஆராய்ந்தபோது, ஒரே புதிருக்கு அட்டவணை, வரைபடம், குறியீடு, சாதாரண வாக்கியம் என்று ஆளுக்கொரு வடிவம் வந்ததையும், புதிருக்கு ஒத்துவராத வடிவத்தை எடுத்தவர்கள் சறுக்கியதையும் கண்டார்கள். வரைவதைக் காட்டிலும் எதை வரைவது என்ற தேர்வில்தான் தர்க்கம் இருக்கிறது.

அம்பு வரி ஏன் இவ்வளவு கச்சிதமாக வேலை செய்கிறது என்பதற்குக் கணினி அறிவியலில் தெளிவான காரணம் இருக்கிறது. நம் ஐந்து விதிகளும் இருவர் இருவரைப் பற்றியவை. இப்படி இரண்டு உறுப்புகளை மட்டும் பிணைக்கும் விதிகள் எத்தனை இருந்தாலும், அம்புகளால் ஆன வலையை வரைந்து, ஒருவரின் ‘வருகிறார்’ என்ற புள்ளியிலிருந்து ‘வரவில்லை’ என்ற புள்ளிக்கும், அங்கிருந்து திரும்பவும் போக வழி இருக்கிறதா என்று பார்த்தாலே புதிருக்குத் தீர்வு உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம். ஆஸ்ப்வால், பிளாஸ், டார்ஜன் மூவரும் 1979-ல் இதற்கான வழிமுறையைத் தந்தார்கள். விதிகள் இரட்டிப்பானால் வேலையும் இரட்டிப்பாகும், அவ்வளவுதான். விதிகளில் மூன்றாமவர் நுழைந்தவுடன் கதை மாறுகிறது. ‘க-வும் த-வும் சேர்ந்து வந்தால் ந வரக் கூடாது’ என்று ஒன்றைச் சேர்த்தால், அதன் மறுபக்கம் ஒற்றை அம்பாக வராது: ந வந்தால் க இல்லை அல்லது த இல்லை. வரி கிளை பிரிகிறது. மூவர் விதிகள் நிறைந்த புதிர்களுக்குப் பொதுவாக விரைவான வழிமுறை எதுவும் இதுவரை யாருக்கும் தெரியாது. 1971-ல் ஸ்டீபன் குக் தொடங்கிவைத்த கோட்பாட்டின்படி, அப்படி ஒன்று கிடைத்தால் வேறு எத்தனையோ கடினமான கணக்குகளும் ஒரே அடியில் எளிதாகிவிடும். எல்சாட் புதிர்களில் பெரும்பாலான விதிகள் இருவரைப் பற்றியவையாகவே இருந்தன. லூயிஸ் கேரல் 1896-ல் வெளியிட்ட தர்க்க நூலில் பல கூற்றுகளைக் கோத்துக் கடைசி முடிவைக் கேட்கும் கணக்குகளும் இதே சங்கிலி வகைதான். மூன்று குழுக்களில் ஒன்பது பேரைப் பகிரும் புதிருக்குக் கூடுதலாகக் கட்டங்களும் தலை எண்ணிக்கையும் வேண்டும். அங்கே ஒரு குழு நிரம்பிவிட்டது என்பதே பல வேளைகளில் வலுவான விதி.

பயிற்சியால் கைவருவது எப்படித் திறமையை அளக்கும் என்று கேட்கலாம். எல்சாட்டில் பயிற்சிக்கு மிக நன்றாக வசப்படும் பகுதி இதுதான் என்பது பயிற்சியாளர்களின் பொதுக் கருத்து. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அலிசன் மேக்கியும் சில்வியா பங்கேவும் 2012-லும் 2013-லும் வெளியிட்ட ஆய்வுகளில், எல்சாட்டுக்குத் தீவிரப் பயிற்சி எடுத்தவர்களின் மூளையில், நெற்றிப் பகுதிக்கும் உச்சிப் பகுதிக்கும் இடையிலான இணைப்புகளில் மாற்றம் தென்பட்டது. அதே காலத்தில் பயிற்சி எடுக்காத ஒப்பீட்டுக் குழுவில் அது காணப்படவில்லை. இந்த ஆய்வுகளைப் பார்த்து அம்புக்குறி மூளையை வளர்க்கும் என்று விளம்பரம் செய்வது அபத்தம். பயிற்சியில் படம் போடுவது ஒரு பங்கு மட்டுமே. ஆனால் தர்க்கம் பிறவிச் சொத்து, பழக்கம் வெறும் குறுக்குவழி என்ற பிரிவினை இந்தச் சான்றுக்கு முன் நிற்காது. எழுத்துக் கணக்கு பழகினால் வருகிறது என்பதற்காக அதைக் கணிதம் இல்லை என்று யாரும் தள்ளுவதில்லையே.

படத்தை நம்பிய தேர்வுக்கு எதிராக எழுந்தவற்றில் மிகக் கடுமையான குற்றச்சாட்டு பார்வையற்ற ஒருவரிடமிருந்து வந்தது. மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த அவர் வழக்குத் தொடர்ந்தார்: வரைய முடியாதவரைப் படம் போட வைக்கும் தேர்வு அநீதி என்பது அவர் தரப்பு. 2019-ல் தேர்வை நடத்தும் அமைப்பு சமரசத்துக்கு வந்து, பகுப்பாய்வுத் தர்க்கத்தைச் சோதிக்க வேறு வழிகளை நான்கு ஆண்டுகளுக்குள் ஆராய ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்ட் தேர்விலிருந்து புதிர்ப் பகுதி நீங்கி, அதன் இடத்தில் வாதங்களை அலசும் பகுதி இரண்டாவது முறையாகச் சேர்ந்தது. வெளிப்படையாகச் சொன்னால், இந்த முடிவு சரி. 35 நிமிடக் கெடுவும் காகிதமும் சேர்ந்து, தர்க்கத்தை மட்டும் அளக்காமல் கண்ணும் கையும் ஒத்துழைக்கும் வேகத்தையும் சேர்த்தே அளந்தன. இதில் ஒரு முரண் இருக்கிறது. அட்டவணைகளுக்கும் கட்டங்களுக்கும் கண் வேண்டும்; குழுப் புதிரின் அம்பு வரி அப்படியில்லை, அது ஒரே திசையில் ஓடுவதால் வாயால் சொல்லலாம், பிரெய்லில் விரலால் தொடலாம். வழக்கு குற்றம்சாட்டிய பகுதியில் பார்வைக்கு மிகக் குறைவாகக் கடன்பட்டிருந்தது இந்த வகைதான். இருந்தாலும் நான்கு புதிர்களில் எவை வரும் என்பது மாணவர் கையில் இல்லை, கடிகாரமும் காத்திருக்காது.

மாற்றத்தை அறிவித்தபோது, பகுதியை நீக்கினால் மதிப்பெண்களில் ஏறக்குறைய எந்த வேறுபாடும் வராது என்றும், முதலாண்டுச் சட்டப் படிப்பில் மாணவர்கள் எப்படிச் செய்வார்கள் என்று கணிப்பதில் புதிய அமைப்பு பழையதற்குக் குறைந்ததில்லை என்றும் தேர்வு நடத்தும் அமைப்பு சொன்னது. புதிர்கள் வீண் என்பதற்கு இதுவே அத்தாட்சி என்று சிலர் படித்தார்கள். இன்னொரு விதமாகவும் படிக்க இடமிருக்கிறது: வாதங்களை அலசும் பகுதி ஏற்கெனவே அதே பொருளைத்தான் வேறு உடையில் கேட்டுக்கொண்டிருந்தது. ‘உரிமம் பெற்றாலொழிய விற்க முடியாது, பரிசோதனை முடிந்தால்தான் உரிமம்’ என்று உரைநடையில் வரும் வாதத்துக்குள்ளும் இரண்டு அம்புகளும் அவற்றின் மறுபக்கங்களும் இருக்கின்றன. ‘பரிசோதனை முடிந்துவிட்டது, ஆகவே விற்கலாம்’ என்ற தவறான விடை, ந → ச என்பதை ச → ந என்று திருப்பிப் படித்த தவறின் உடன்பிறப்பு. நீக்கத்துக்குப் பிறகும் பயிற்சி வகுப்புகளில் விதியைக் குறியாக்கி அதன் மறுபக்கத்தை எழுதும் பாடம் தொடர்கிறது, இப்போது வாதப் பகுதிக்காக.